செல் உண்டு, புற்று இல்லை

புளியங்குடியை விட்டு நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சங்கரன்கோவில் பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின. கை காட்டத் தோன்றவில்லை. பல் பிடுங்கிய பள்ளத்துக்கே நாக்கு போய்ப் போய் வந்தது. சட்டைப் பையில் ரத்தச் சோதனைத் தாள்.

எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம். அவ்வளவு நாள் நான் எங்கேயும் நிலைத்ததில்லை. கடைவாய்ப் பல் வலி அதற்கும் மூத்தது. தாடை வீங்கி வாய் திறக்க முடியாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல்லைப் பிடுங்கிய டாக்டரம்மா, வேரில் தொங்கிய சின்னக் கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் என்னை உட்கார வைத்துச் சொன்னார். "கிருமியோட சண்டை போடுற செல்லுல ஒரே வகை மட்டும் கூட்டமா இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் உருண்டை உருண்டையா அடைச்சுக் கெடக்கு. வழக்கமா இவ்வளவு இருக்காது. ரத்தத்துல புற்று வந்தாலும் இந்த செல்தான் பெருகும். எதுக்கும் பாத்துருவோம்."

இதை மண்டியில் சொன்னது என் தப்பு. மறுநாளே என் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள்.

நடக்கத் தொடங்கிய அன்று காலைதான் ரத்த முடிவு வந்தது. புற்று இல்லை. வருஷக்கணக்கில் சீழோடு மல்லுக்கட்டிய செல்கள், தாங்கள் சுரந்ததை வெளியே விட முடியாமல் ஊதிப்போனவை, அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. நேரே முதலாளியிடம் போய்த் தாளை நீட்டினேன்.

"செல்லு இருக்குல்லா?"

"அது இருக்கு அண்ணாச்சி. புத்து இல்ல."

"ஏலே, செல்லு இருந்தா புத்து இல்லாம இருக்குமா? செவுத்துல பாத்ததில்லையா? வேர்ல புடிச்சது மேல ஏறத்தான் செய்யும். சனங்க வாயில வைக்கிற பழம்லே இது. நீ வேற எடம் பாத்துக்கோ."

சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "சங்கரங்கோயில்ல நோவு தீர புத்துமண்ணு தருதாவ. வாயில அப்பிக்கிட்டு வாரும்வே."

கறையானுக்கும் எங்கள் பக்கம் செல் என்றுதான் பெயர். டாக்டரம்மா சொன்னது வேறு செல் என்று எடுத்துச் சொல்ல என் படிப்பு போதவில்லை. அந்தப் பாடம் வருமுன்பே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

மறுநாள் காலை சங்கரன்கோவிலில் நான் நின்றிருந்த டீக்கடைக்கு ஒருவர் வேலைக்கு ஆள் தேடி வந்தார்.

"தாடை என்னவே கோணியிருக்கு?"

"பல்லு புடுங்குனது."

"வேற ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

தாளை எடுக்கவில்லை. ஒரு புது வீட்டுக்குக் கூட்டிப்போனார். தரையில் வரிசையாகத் துளை போட்டு, செல்லுக்கு மருந்து ஊற்றும் வேலை.