வெட்டாமல் விட்ட அரை நிமிடம்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் குமாஸ்தா அற்புதசாமிக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பாட்டுப் பெட்டிதான் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம். 1952இல் சாவி கொடுக்கிற கிராமபோன் வாங்கினார். அது கரகரக்கிறது என்று நாலே வருஷத்தில் வால்வு ரேடியோ வந்தது. அதற்கும் ஒரு குறை கண்டுபிடித்துத் தனியாக ஸ்பீக்கர் வாங்கினார். ஸ்பீக்கரைப் பானை வாயில் கவிழ்த்தால் தவில் நெஞ்சிலேயே வந்து இடிக்கும் என்று யாரோ சொல்லிவிட, மனைவி செல்வமேரியின் அரிசிப் பானைக்குச் சனி பிடித்தது. அவள் அரிசியைப் பிஸ்கட் டின்னுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நாளைக்கு என்னையும் எதுலயாவது மாட்டி வச்சுடுவீங்க," என்று சிரித்தாள்.

1961இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் ஸ்பூல் டேப்ரிகார்டர் வாங்கினார். அன்றோடு பாலக்கரை வீட்டில் பேச்சுக்கே தடை. ரேடியோ முன்னால் மைக்கை வைத்துத்தான் கச்சேரியைப் பதிய வேண்டும். கடுகு வெடித்தாலும் அதில் விழும். எவ்வளவு அடக்கினாலும் அவள் குரலும் விழுந்துவிடும். "சாப்பிட வாங்க." "பால்காரர் வந்திருக்காருங்க." பாட்டின் மேல் விழுந்தால் முழுசாக அழிப்பார். பாட்டுக்கு இடையில் விழுந்தால் பிளேடால் வெட்டி ஒட்டுவார்.

1965 மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை அவளைப் பத்தே நாளில் கொண்டுபோனது. பிள்ளை குட்டி இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து, உறவினரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வந்தவருக்கு வீட்டின் அமைதி தாங்கவில்லை. இத்தனை வருஷம் அதட்டி அதட்டிக் கேட்ட அமைதிதான்.

அவள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. பதினோரு ஸ்பூலையும் வரிசையாக ஓட்டினார். ஒரு "சாப்பிட வாங்க" கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருந்தார் மனுஷன்! கடைசி ஸ்பூலில் மட்டும், கச்சேரி தொடங்குமுன் ஓடிய அரை நிமிடத்தை வெட்ட மறந்திருந்தார்.

"மேரி, அந்த வளையலக் கழட்டி வை. எத்தன தடவ சொல்றது!"

அது அவர் குரல். அடுத்து, தரையில் வளையல் வைக்கிற சத்தம். பிறகு வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் அவள் மூச்சுவிட்டபடி உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். நல்ல கருவி இருந்தால் அந்த மூச்சு கேட்காமலா போகும்?

"டேப்புல இல்லாதத எந்த ஸ்பீக்கரும் குடுக்காதுங்க சார்," என்றார் மலைக்கோட்டை அடிவாரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அப்துல் சுக்கூர்.

அற்புதசாமி கேட்கவில்லை. புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். பெரிய ஸ்பீக்கர் வாங்கினார். அதற்கு ஸ்ரீரங்கத்து ஆசாரியிடம் தேக்கில் பெட்டி செய்து, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து, வண்டியில் ஏற்றிக் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார். எல்லாம் சேர மூன்று வருஷம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுக்கூர் வந்து வயர்களை இணைத்தார். டேப் ஓடியது.

"கண்ணாடி மாதிரி கேக்குது சார்," என்றார் சுக்கூர்.

கேட்டது. அவருடைய குரல்தான் எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்டது, எரிச்சல் உட்பட. ஒரே சத்தம் என்று நினைத்திருந்தது ஒவ்வொரு வளையலாகப் பிரிந்து கேட்டது. நாலு. கையில் கிடந்த நாலையும் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்திருக்கிறாள். மூச்சு மட்டும் கேட்கவில்லை.

சுக்கூர் போனபின் டேப்பைத் திருப்பி ஓட்டி, நாலாவது வளையலில் நிறுத்தினார்.

"போட்டுக்க மேரி," என்றார் வாய்விட்டு.