மாமாவின் மைக் பெட்டி

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோள் சொல்வதில் நான் பெரிய கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம் என் தாய்மாமாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

பம்மலில் பார்த்த வேலை போனதும் மாமா தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், ஓர் ஆள் தூக்க முடியாத வயர்லெஸ் செட்டும். செட்டுக்கு அரசாங்க லைசென்ஸ்கூட வைத்திருந்தார். முன்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களோடு இங்கிலீஷில் பேசுவார். பேசுவார் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்கு. பாவமன்னிப்புக் கேட்பவர்போல முணுமுணுப்பார், அவ்வளவுதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்று பெங்களூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் குறைபட்டுக்கொள்வார். அதற்காகவே மாமா, குரலைப் பெரிதாக்கும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து மைக்கோடு இணைத்தார். அதற்கு நாலு டார்ச் செல் வேண்டும்.

செல்கள் அப்பாவின் டார்ச்சிலிருந்து போயின. கரண்ட் நின்றுபோன ஒரு சாயங்காலம் டார்ச் எரியவில்லை. யார் எடுத்தது என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் நான் மாமாவைக் கைகாட்டிவிட்டேன். அப்பா கல்லூரி வாத்தியார். அதட்டமாட்டார்.

"ஒரு டார்ச்கூட எனக்குன்னு இல்லையா இந்த வீட்டுல?" என்று மட்டும் கேட்டார். மாமா செல்களைத் துடைத்துத் திரும்பப் போட்டுவைத்தார்.

அதற்குப்பின், செட்டிலிருந்தே மைக் பெட்டிக்குக் கரண்ட் எடுக்கும் வேலையில் இறங்கினார். செட்டுக்குள் ஓடியது இருநூற்றைம்பது வோல்ட். அதைக் குறைக்கும் ரெசிஸ்டரை மைனஸ் கம்பியில் வைத்தார். பெட்டிக்கு அது சரிதான். ஆனால் மைக்கின் இரும்புக் கூட்டைப் பழைய வழக்கப்படி ப்ளஸ் கம்பியோடு சேர்த்திருந்தார். செல் இருந்தவரை கூட்டைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. இப்போது ப்ளஸ் கம்பி வழியாகக் குறையாத முழு வோல்டேஜும் அதில் ஏறியிருந்தது. இதெல்லாம் பிறகு மாமாவே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த அப்பா, பக்கத்து அறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். மாமா ஒரு கையைச் செட்டின் இரும்பு மூடிமேல் வைத்துக்கொண்டு மைக்கை உதட்டருகே கொண்டுபோனார்.

அலறினார். அப்படியொரு குரல் மாமாவுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. விரல்கள் மைக்கை விடவில்லை. உடம்பு உதறியது. கோள் சொல்லி நான்தான் மாமாவைக் கொன்றுவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. அப்பா ஓடிவந்து மரஸ்கேலால் மாமாவின் கையில் ஓங்கி அடித்தார். மைக் தெறித்து விழுந்தது. அம்மா மெயினை அணைத்தாள்.

மாமா தரையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். உதடு வெந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தான், சத்தம் போட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் அப்பா ஸ்டேஷன் பக்கம் போய் நாலு செல் வாங்கிவந்து மாமாவின் மேஜையில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, மாமா மறுபடியும் செட்டின் முன்னால் உட்கார்ந்தபோது, எனக்குப் பெரிய யோசனை ஒன்று வந்தது.

"மாமா, அன்னிக்குக் கத்துன மாதிரி சத்தமா பேசினா இந்தப் பெட்டியே வேணாமே?"

பக்கத்து அறையில் அப்பா பேப்பர் புரட்டிக்கொண்டிருந்தார். மாமா அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, உதட்டின்மேல் விரலை வைத்தார்.

புண் இன்னும் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.