செத்த ஆமையைக் கொன்றவர்

எண்பதுகளில் ஒருநாள், திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பேராசிரியர், வண்டி கிளம்பியதும் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து நக்கத் தொடங்கினார். மடிப்புக் கலையாத சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. வாந்தி வருகிறதாக்கும் என்று கண்டக்டர் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"அதெல்லாம் வேணாங்க. நாக்குல ஒட்டினா எலும்பு, ஒட்டலன்னா வெறும் கல்லு," என்றார் அவர். உள்ளங்கையளவு இருந்த அந்தத் துண்டு, என்றைக்கோ பூண்டோடு அழிந்துபோன ஒரு கடலாமையின் ஓடாம்.

"இந்த ஆமைப் பேரினத்துல நாலு இனம் இருந்துச்சுன்னு எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் பேர் வெச்சிக்கினு திரிஞ்சாரு. நாலும் ஒண்ணுதான்னு இந்தத் துண்டை வெச்சே எழுதி, மூணைக் காலி பண்ணிட்டேன்."

"அதுங்கதான் எப்பவோ செத்துப்போச்சுங்களே சார்?" என்றேன்.

"ஆமை செத்துச்சு. அந்தாளு வெச்ச பேரு சாவலையே."

செத்த ஆமையை மறுபடி கொன்ற திருப்தியோடு சிரித்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் கல்லை இன்னொரு தடவை நாக்கில் வைத்தார். அது மடியில் விழுந்தது. எடுத்து வைத்தார், திரும்பவும் விழுந்தது.

"ஒட்டலையா சார்?" என்றேன்.

"பஸ்ஸு தூசிங்க," என்று கைக்குட்டையை எடுத்தார். கல்லைத் துடைப்பார் என்று பார்த்தேன். நாக்கைத் துடைத்துக்கொண்டார்.