மொட்டை அங்கிளுக்கு பாயின்ட் கிடையாது

தில்லியில் பிரெஞ்சு வாத்தியாருக்கு மாணவர்கள் பஞ்சமே கிடையாது. பிரெஞ்சு மேல் ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குத்தான் பஞ்சம். முனீர்க்காவில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். பதினோரு வருடமாக அங்கே பாடம் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதி நம்ம ஊர் நர்சுகள், மீதி கம்ப்யூட்டர் பையன்கள். பிரெஞ்சு தெரிந்தால் கனடாவில் குடியேற கூடுதல் பாயின்ட் உண்டு. அதற்காக வருகிறார்கள்.

நான் இந்தப் பாஷைக்குள் வந்தது ஒரு நடிகரால். பழைய காலத்து பிரெஞ்சுச் சிரிப்பு நடிகர். குள்ளம், வழுக்கை, கூர்மூக்கு. கோபம் வந்தால் முதலில் சுண்டுவிரல் துடிக்கும், அப்புறம் புருவம், அப்புறம் முழு ஆளும் குக்கர் மாதிரி ஆடும். எதிரே பெரிய மனுஷன் வந்துவிட்டால் அதே முகம் ஒரு நொடியில் வெண்ணெயாகும். காரைக்காலில் கல்லூரி படித்தபோது அவருடைய படம் ஒன்றைப் பார்த்தேன். அந்த ஆள் என்னதான் சொல்கிறார் என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. அவர் பெயர் இங்கே யாருக்கும் வாயில் நுழைவதில்லை. வகுப்பில் வைத்த பெயர் ‘மொட்டை அங்கிள்’.

தனக்குப் பிடித்த ஒன்றை அடுத்தவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நாம் எல்லோரும் ஒரே ஜாதி.

எட்டு நிமிடம்

புது பேட்ச் ஒன்றுக்கு முதல் நாளே எட்டு நிமிடக் காட்சி ஒன்றைப் போட்டேன். போலீஸ் உடையில் அவர், தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களை வறுத்தெடுக்கிறார். இருபது பேர். ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை. இரண்டு பேர் வசனத்தை நோட்டில் எழுதப் பார்த்தார்கள். முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து கோயம்புத்தூர்ப் பையன் கார்த்திக் கை தூக்கினான். சந்தேகம் கேட்கிறான், பரவாயில்லை என்று ஆசையாகத் தலையாட்டினேன்.

“சார், எக்ஸாம்ல இவரா பேசுவாரு? இல்லேன்னா அந்த எட்டு நிமிஷத்துல ஒரு மாக் டெஸ்ட் வச்சிருக்கலாமே சார்.”

நியூரோ வார்டு

நர்சுகள் பேட்ச் வேறு மாதிரி. அவர்கள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். ஒருத்தி காட்சியை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் புருவம் ஏறும் அழகை, உதடு ஒரு பக்கம் மட்டும் சுழிக்கிற வித்தையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கலந்து பேசிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சார், இது ஒரு பக்கமா இழுக்குது பாருங்க, இவரை அப்பவே நியூரோல காட்டியிருக்கணும்.”

ஜாயின்ட் செக்ரெட்டரி

லக்ஷ்மிபாய் நகரில் மகள் குவார்ட்டர்ஸில் இருக்கும் ராமசேஷன் சார் ரிட்டயர்டு அண்டர் செக்ரெட்டரி. மகன் மான்ட்ரியலில். அங்கே மருமகள் பிரெஞ்சுக்காரி. அவளிடம் போனில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எழுபத்திரண்டு வயதில் வந்து சேர்ந்தார். பாயின்ட் வேண்டாத ஒரே மாணவர். எனக்குத் துணை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்தேன். மேலதிகாரியிடம் குழைந்து, வெளியே வந்ததும் குமாஸ்தா மேல் பாய்கிற காட்சியை அவருக்கென்றே தேடி எடுத்துப் போட்டேன். பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

“இதுல சிரிக்க என்ன சார் இருக்கு, இந்த மனுஷன்கிட்டதானே நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன்!”

வேகம்

என் மகள் பிளஸ் டூ. தமிழில் தொடங்கி ஹிந்தியில் முடிப்பாள். வீட்டில் ஒருத்தியாவது ரசிக்கட்டும் என்று அவளுக்கு லிங்க் அனுப்பினேன். சாப்பிடும்போது எப்படி என்று கேட்டேன். “அச்சா தா அப்பா” என்றாள். நன்றாக இருந்ததாம். எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. அந்தக் காலத்தில் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், உடன் நடித்தவர்களே திணறியிருப்பார்கள் என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“டபுள் ஸ்பீட்ல வச்சுதான் பார்த்தேன்பா, இல்லேன்னா அவர் பஹுத் ஸ்லோ.”

ஜெபா

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஜெபா நாசரேத்துப் பெண், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.யூ. நர்ஸ். ஐந்து வயது மகளை ஊரில் அம்மாவிடம் விட்டிருந்தாள். இங்கே ஹாஸ்டலில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது; கனடா போனால் கூடவே வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரே நினைப்பில் படித்தாள். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது தடவைக்கு வகுப்பு முடிந்த பிறகும் தினமும் அவளோடு உட்கார்ந்தேன். எழுதினால் ஒரு பிழை இராது. எதிரே ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால் வாய் கட்டிப்போகும்.

மூன்றாவது முடிவும் வந்தது. அதே கதை. டூட்டி முடிந்து நேரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு நாலு பாஷை தெரியும்; ஒன்றிலும் ஆறுதல் வார்த்தை அகப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். விருந்தாளிகள் முன்னால் கோபத்தை விழுங்கிக்கொண்டு, கைக்குட்டையை மடித்து மடித்து வைக்கிறார் மொட்டை அங்கிள். ஜெபா சிரித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிஜமாகவே சிரித்தாள். மறுபடி போடச் சொன்னாள். பதினோரு வருடத்தில் என் வகுப்பில் அவரைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள்.

பிறகு நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. வாசலில் நின்று அவள் சொன்னது இதுதான்.

“ஒரு வருஷமா படிச்சதுல எனக்கு முழுசா புரிஞ்ச ஒரே பிரெஞ்சுக்காரரு இவருதான் சார், இவரு வாயே திறக்கலையே.”

பக்கத்து ஊர்

போன மாதம் சென்டர் முதலாளியம்மா கூப்பிட்டு சமோசா வாங்கிக் கொடுத்தார். நர்சுகள் எல்லாம் இப்போது ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்களாம். இந்த பேட்சோடு பிரெஞ்சை நிறுத்துகிறார்களாம். நான் கடித்த சமோசாவைத் தட்டில் திரும்ப வைத்ததைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. சட்னியை என் பக்கம் நகர்த்தி, ஹிந்தியில் சமாதானம் சொன்னார்.

“கவலைப்படாதீங்க மாஸ்டர்ஜி, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தானே, ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டு ஜெர்மனையும் நீங்களே எடுங்க.”

ஒரு மனிதரை நேசிக்கத் தானாகவே வந்துவிடுகிறது. அவரை இன்னொருவர் நேசிக்கும்படி செய்வதற்கு மட்டும் தில்லியில் இன்னும் யாரும் கோச்சிங் சென்டர் திறக்கவில்லை.