மீன்பெட்டி மூடியில் ஒரு சறுக்கல்

பிள்ளைகளே, மலேசியாவிலிருந்து சென்னை ராயபுரத்துக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம் இது. பூங்காவில் இரும்புச் சறுக்குமரம் தோசைக்கல்லாகக் காய்கிறது. என் ஐந்து வயது மகள் மலர் சறுக்கியே தீருவேன் என்கிறாள்.

மீன் விற்றுத் திரும்பும் அக்கா ஒருவர், தெர்மாகோல் மீன்பெட்டியின் ஈர மூடியை நீட்டுகிறார்.

"சும்மா குந்தாத கண்ணு, சுட்டுடும். எங்க பசங்க இது மேலதான் குந்திகினு வருங்கோ."

"அப்பா முதல்ல போங்க" என்கிறாள் மலர்.

போகிறேன். சறுக்குமரம் முடிந்தும் மூடி நிற்கவில்லை. மணலில் என்னைக் குப்புறத் தள்ளுகிறது. கால்சட்டையெல்லாம் மீன்தண்ணீர். பூனைகள் ஓடிவந்து நக்குகின்றன. ஒரு கறுப்புப் பூனை மட்டும் தூரத்தில் நின்று பார்க்கிறது.

"இன்னா சார், பேஜாரா பூடுச்சா?" என்று அக்கா சிரிக்கிறார்.

மலர் மூடியை எடுத்து என்னிடமே நீட்டுகிறாள்.

"இன்னொரு தடவை போங்கப்பா. கறுப்புப் பூனை இன்னும் வரல."