ரோதைமுனிக்குக் கறுப்புப் பெயின்ட்

ஜெயராணிக்குக் கோபமே வராது என்றுதான் கண்டி மாநகர சபையில் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வரி கட்ட வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி கத்தினாலும் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். பென்ஷன் வாங்கிய பிறகு குண்டசாலையில் மகள் வீட்டில் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி டவுனுக்கு வருவாள். எங்கள் தொல்லியல் கழகத்தின் சொற்பொழிவு கேட்கத்தான். வேலையில் பக்கத்து மேசைக்காரியான எனக்கு அங்கேயும் அவள் பக்கத்துக் கதிரை.

அவள் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அப்பா கறுப்பையா தேயிலை ஃபெக்டரியில் ரோதை பார்த்தவர். ரோதை என்பது மெஷின்களையெல்லாம் ஓட்டும் பெரிய இரும்புச் சக்கரம். கொஞ்சம் கண் அசந்தால் கையை இழுத்துக்கொள்ளும். இழுத்தும் இருக்கிறது. அதனால் அந்தச் சனங்கள் சக்கரத்தையே சாமியாக்கி ரோதைமுனி என்று கும்பிட்டார்கள். ஆடியில் ஒரு நாள் ரோதையை நிறுத்தி, எண்ணெய் தடவி, மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சேவல் அறுப்பார்கள். பூசாரியும் கறுப்பையாதான். பிறகு ஃபெக்டரியை மூடினார்கள், அவரும் போய்ச் சேர்ந்தார். பூசை மட்டும் ஒரு வருடமும் நிற்கவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு, துஷாந்த் என்ற எஞ்சினியர் கழகத்தில் பேச வந்தார். கழகம் புதிதாக மீட்ட மரபுப் பொருள் பற்றிய பேச்சு. திரையில் முதல் படம் விழுந்ததும் ஜெயராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவர்கள் ரோதை. கவனிப்பாரில்லாமல் கிடந்து எவ்வளவு அழுக்கேறியிருக்கிறது பாருங்கள் என்றார் துஷாந்த். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, பெயின்ட் அடித்து, கழகத்துப் பூந்தோட்டத்தில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறோம் என்று அடுத்த படத்தைக் காட்டினார். கறுகறுவென்று மின்னியது ரோதை. மண்டபம் கைதட்டியது.

ஜெயராணி எழுந்து நின்றாள். "தம்பி, அது அழுக்கு இல்ல. எங்கப்பா வச்ச பொட்டு."

கேள்விகள் கடைசியில் என்றார் தலைவர் மோகனராஜ். டவுனில் பெரிய புடவைக் கடை வைத்திருப்பவர். கடைசியில் நன்றியுரை சொல்லி எல்லோரையும் தேநீருக்கு அனுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் சாமியைச் சுரண்டி எடுத்துவிட்டு அதற்குக் கைதட்டு வேறு.

அங்கிருந்தே அவள் லயத்திலிருக்கும் சின்னம்மா பேச்சியம்மாவுக்குப் போன் போட்டாள். துருவுக்கு மருந்து போட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லித்தான் லொறியில் ஏற்றினார்களாம். கேட்டால் இதோ அதோ என்கிறார்களாம். ஆடி வேறு வரப்போகிறது, சாமியில்லாமல் என்ன செய்வது என்று சின்னம்மா அழுதாள்.

மோகனராஜிடம் போய்க் கேட்டோம். அங்கே கிடந்தால் பழைய இரும்புக்காரன் தூக்கிக்கொண்டு போவான், இங்கே என்றால் நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். இத்தனை வருடமும் அதைப் பார்த்துக்கொண்டது யாராம்? தோட்டத்து ஆட்கள் பார்த்தால் அது பார்த்ததாகாதோ?

அடுத்த மாதம் ஜெயராணி பேச்சுக் கேட்க உள்ளே போகவில்லை. நேரே கழகத்துப் பூந்தோட்டத்துக்குப் போய்க் கயிற்றைத் தாண்டி, கறுப்புப் பெயின்ட் மேல் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினாள். கும்பிட்ட கையை இறக்காமல் அழுதாள். யாராவது விரட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அதற்கடுத்த சொற்பொழிவில் அவள் அழுத முகம் திரை முழுக்க, மேலே 'வாழும் மரபு' என்று தலைப்பு. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் கெட்டவர்கள்.

அதோடு விட்டார்களா? ஆண்டு விழாவுக்குக் கொழும்பிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், அதே பூசையை மேடையில் செய்து காட்ட வேண்டும் என்று மண்டபத்தில் எங்கள் முன்னே வந்து நின்றார் மோகனராஜ். பட்டுச் சேலை அவர் கடையிலிருந்தே தருவாராம். எனக்குக் கை துறுதுறுத்தது. ஜெயராணியோ பழைய கவுன்டர் குரலில் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"செய்றேன். சேவல் அறுக்கணும். மேடையில ரத்தம் விழுந்தாப் பரவாயில்லையா? இல்லாட்டி ரோதைய அது நின்ன எடத்துக்கே கொண்டு வாங்க."

அவர் மேடையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்திலேயே பூசையை வைத்துக்கொள்வோம் என்று ஒத்துக்கொண்டார்.

ஆடி மாதத்தில் ரோதை லொறியில் போய்த் தன் பழைய கல்மேடையில் ஏறியது. தப்பு முழங்கியது, சேவல் அறுபட்டது. விருந்தினர் படம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். பிறகு லொறிக்காரர்கள் சங்கிலியோடு வந்தார்கள். பேச்சியம்மாவும் லயத்துப் பெண்களும் ரோதையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலி போட இடமில்லை.

மோகனராஜ் ஜெயராணியிடம் வந்தார். "என்னக்கா இது? ஒரு நாளைக்குன்னுதானே கொண்டு வந்தோம்?"

"நான் பூசை செய்றேன்னுதான் சொன்னேன். திருப்பித் தர்றோம்னு சொன்னது நீங்க. தந்துட்டீங்க."

லொறி வெறுமனே திரும்பியது.

இந்த ஆடிக்கு நானும் அவளோடு போயிருந்தேன். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி, கறுப்புப் பெயின்ட் கண்ணில் படவில்லை. துஷாந்த் காட்டிய முதல் படத்தில் இருந்தது போலவே இருக்கிறது ரோதை.