கரம்பொனில் ஒரு நீலத்தலைப் பொம்மை

ரோசலின் அக்கா அலுமாரியைத் திறந்து பீங்கான் பொம்மையை என் மடியில் வைக்கிறார். பொம்மை சேர்ப்பவருக்குச் சும்மாவே கொடுப்பேன் என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். கோயில் மாதாவின் திருவிழா உடுப்புக்கு வெட்டி மிஞ்சிய வெள்ளைச் சாட்டினில் சட்டை, முக்காடு. தையல் அவ்வளவு நுணுக்கம்! முக்காட்டை விலக்குகிறேன். தலைமுடி பளீரென்ற நீலம்.

“நீரும் உந்த யப்பான் காட்டூன் விசர்தானே?” அக்கா சிரிக்கிறார்.

எனக்குச் சுள்ளென்று ஏறுகிறது. பொம்மை என்று வாய் திறந்தாலே எல்லோரும் அனிமேப் பைத்தியம் என்றே முடிவுகட்டுகிறார்கள். நான் தேடுவது பழைய தையலையும் கையால் தீட்டிய முகங்களையும்.

“ஐயோ அக்கா, அந்த விசருகளோட என்னைச் சேர்க்காதேங்கோ. இந்த நீலத்தைப் பிடுங்கிப்போட்டு வடிவான கறுப்பு முடி வைப்பன்.”

அக்காவின் சிரிப்பு நிற்கிறது.

“அது என்ர மகள் ஒட்டினது. தகப்பன்ர நீல மீன்வலை நூலை இழை இழையாப் பிரிச்சு, அந்தக் காட்டூனைப் பார்த்துப் பார்த்து ஒட்டினவள். இப்ப பிரான்சில. போன் எடுத்தாலும் கதைக்கிறாளில்லை. நீரும் அவளைப்போல ஒரு ஆள் எண்டுதான் தர நினைச்சனான்.”

பொம்மையை வாங்கி முக்காட்டைச் சரிசெய்து உள்ளே வைத்துப் பூட்டுகிறார்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

நானும் அந்தக் காட்டூன் பார்ப்பவன்தான் என்று இப்போதும் ஒரு பொய் சொல்லலாம். சாவி இன்னும் அக்காவின் கையில்தான் இருக்கிறது. “சீனி குறைச்சுப் போடுங்கோ அக்கா,” என்கிறேன்.